குடும்பக் கப்பலில் நமக்கும் இடமுண்டு

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், திருவாரூர் வட்டாரத்தில் பிள்ளை இல்லாமல் வாழும் கணவன் மனைவியருக்கு,

 

நமக்கென்று ஒரு சங்கம் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவரையொருவர் பார்த்தால் தெரிந்துகொள்வோம், ஆனால் பேசிக்கொள்ள மாட்டோம். அதனால்தான் பேர் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் போய் வந்த செய்தி ஊரில் பரவியதும், உங்களில் சிலர் என்னைத் தனியாகப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “லாத்தா, அது புள்ளைக்குட்டியோட போறவங்க கப்பலாமே, நாங்க போகலாமா?” ஒரு தங்கச்சி கேட்டபோது குரல் இறங்கிப்போனது. விளம்பரத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். தகப்பன் தோளில் ஒரு பிள்ளை, தாய் கையைப் பிடித்தபடி இன்னொன்று, பின்னால் நீலக் கடல். அந்தப் படத்தில் நாம் எங்கே நிற்பது?

போகலாம். கட்டாயம் போங்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கப்பலைப் பற்றிக் கொஞ்சம். எம்ப்ரஸ் என்ற அந்தக் கப்பல் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பக்கத்துக் கடல்களில் ஓடியது. 2021 செப்டம்பரில் கொர்டேலியா நிறுவனம் அதை மும்பையிலிருந்து ஓட்ட ஆரம்பித்தது. 2022 ஜூன் 4ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் போனது. நீளம் ஏறக்குறைய 210 மீட்டர். நாகூர் தர்காவில் பிரதாப் சிங் மகாராஜா கட்டிக்கொடுத்த நம் பெரிய மினாரா 131 அடி. அதைப் போல ஐந்தைப் படுக்கவைத்தாலும் கப்பலின் நீளத்துக்குக் கொஞ்சம் குறையும். மேல்தளத்தில் நீச்சல்குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு அறை, ராத்திரி அரங்கத்தில் ஆட்டமும் பாட்டும். சூதாட்ட அறையும் மதுக்கூடமும் கூட இருக்கின்றன. அந்தப் பக்கமே போகாமல் பயணம் முழுவதும் நிறைவாக இருக்க முடிந்தது, அதை நான் சாட்சியாகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உல்லாசக் கப்பல்களில் அறைக்கான கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அந்தக் கணக்கே அறைக்கு இரண்டு பேர் என்பதை வைத்துப் போடுவது. தனியாகப் போகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் மூன்றாவது, நான்காவது ஆளாகத்தான் சேர்க்கப்படுவார்கள், அவர்களுக்குக் கட்டணம் குறைவு, சில சமயம் கட்டணமே இல்லை. உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இதுதான் வழக்கம். ஆக, குடும்பக் கப்பல் என்று பெயர் வைத்தவர்களே இரண்டு பேரைத்தான் ஒரு முழு அறையாக எண்ணுகிறார்கள். நம் சொந்தக்காரர்கள் இன்னும் அப்படி எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் மட்டும் போகிற கப்பல்களும் உலகத்தில் உண்டு. வைக்கிங், வெர்ஜின் ஆகிய நிறுவனங்களின் கப்பல்களில் 18 வயது ஆகாதவர்களை ஏற்றுவதில்லை. குழந்தைகளுக்காகவே தொழில் நடத்தும் டிஸ்னி நிறுவனம் கூட 1998இல் விட்ட முதல் கப்பலிலேயே பெரியவர்களுக்குத் தனிக் குளமும் தனி உணவகமும் வைத்தது. பிள்ளைகள் இல்லாமல் வருகிறவர்களும் தங்கள் பயணிகள்தான் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. வெளிநாட்டுக்குப் போய் அந்தக் கப்பல்களில் ஏற வசதியுள்ளவர்கள் ஏறட்டும். எனக்கோ, பிள்ளைகளே இல்லாத இடத்தைத் தேடிப் போக மனம் வரவில்லை. அண்டை வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் கேட்டு எழுந்து, அவர்கள் பள்ளிக்கூட வண்டி போகும் நேரம் பார்த்துச் சமையலைத் தொடங்கி வாழ்கிறவர்கள் நாம். பிள்ளைகளைக் கண்டால் நமக்கு ஆகாது என்று யார் சொன்னது?

காலம் பார்த்துப் போங்கள். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை அடிக்கிற மாதங்களில்தான் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. நம்மூரில் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். திறந்த பிறகு, வார நடுவில் புறப்படும் பயணமாகப் பார்த்துப் பதிந்தால் கூட்டம் அவ்வளவு இராது. வயல் உள்ளவர்களுக்கு அது மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு நாற்று விடுகிற நேரம், அது எனக்கும் தெரியும். குத்தகைக்கு விட்டவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் நடவு முடிந்ததும் ஆளை வைத்துவிட்டு வாருங்கள். நாகூரில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். ஹலால் உணவு பற்றிப் பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சைவச் சாப்பாட்டுக்கும் அப்படியே. ஜன்னல் இல்லாத உள்ளறை விலை குறைவு. ஆனால் ஒரு தடவைதான் போவோம் என்றால் கடல் தெரிகிற அறையையே எடுங்கள் என்பேன்.

அதிகாலை நமக்கு. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பிள்ளைகளோடு வந்தவர்கள் ராத்திரி வெகுநேரம் விழித்திருந்து, காலையில் அவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி வெளியே வர நேரமாகிறது. ஃபஜ்ருக்கு எழுந்து தொழுதுவிட்டு மேல்தளத்துக்குப் போனால் ஆள் அரவம் இல்லை. அலை இல்லாத வங்கக் கடலை எங்களூர் சில்லடிக் கரையில் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. கரையில்தான் அலை உடைகிறது. நடுக்கடலில் தண்ணீர் மெதுவாக மேடும் பள்ளமுமாக அசைகிறது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வாப்பா இந்தத் தண்ணி மேலதான் போனாஹ” என்றார்.

அவர் சொன்னது ரஜூலா கப்பலை. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல், 1926இல் கட்டியது. சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரைக்கும் ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; படகில் போய் ஏற வேண்டும். தளத்தில் பாய் விரித்து ஆயிரக்கணக்கானவர்கள் போவார்கள். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்கள் போனதோடு அந்தப் போக்குவரத்தும் நின்றது.

நம் ஊர் சபராளி ஊர், கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் ஊர். பாட்டன் பினாங்குக்கு, தகப்பன் சிங்கப்பூருக்கு, மகன் துபாய்க்கு. ஒவ்வொரு வீட்டிலும் புறப்பட்டுப் போனது ஆண், இருந்தது பெண். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் நம் ஊரில் செய்த வேலை, கணவனையும் மனைவியையும் பிரித்துவைத்ததுதான். அதன் காசில் கட்டிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன, அதற்கு நன்றி சொல்ல வேண்டியதும் நம் கடமை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, வந்த களைப்பும் சொந்தக்காரர் வீட்டு விருந்தும் போக மிஞ்சிய சில வாரங்களில் எத்தனை பெண்கள் தங்கள் புருஷனை முகம் பார்த்துப் பேசியிருப்பார்கள்? என் வீட்டுக்காரரும் மலேசியாவில் கடையில் நின்றவர். கப்பல் போய் விமானம் வந்திருந்தது, பிரிவு மாறவில்லை. நாங்கள் ஒன்றாக இருந்த காலத்தைவிடக் கடிதத்திலும் தொலைபேசியிலும் இருந்த காலமே அதிகம்.

அந்த வருஷங்களில்தான் கேள்வி வரும். “என்னா, இன்னும் விசேஷம் இல்லையா?” விமானம் ஏறிப் போனவரை யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்தவளைக் கேட்டார்கள். தொட்டில் கட்டுகிற வீட்டில் அவளை ஓரமாக உட்காரவைத்தார்கள். இந்து வீடுகளில் வளைகாப்புக்கு அழைத்தும், வளையல் போட மட்டும் கூப்பிடாமல் விட்ட கதைகளை என் தோழிகள் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்கள். கருத்தரிக்க முடியாத சிரமம் உலகத்தில் ஆறில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் கணக்குச் சொன்னது. காரணம் ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், என்ன பரிசோதித்தும் தெரியாமலும் போகலாம். இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை ஒருத்தியின் தலையெழுத்து என்று சொல்லி அவளை மட்டும் ஓரத்தில் உட்காரவைத்த அநியாயத்தை நான் மறக்கப் போவதில்லை.

அதே கேள்வி கப்பலிலும் வரும். வராது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சாப்பாட்டு மேஜையில் கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்று எங்களோடு உட்கார்ந்தது. அவர்கள் வீட்டுச் சின்னப் பெண் என்னைப் பார்த்து, “உங்க பாப்பா எங்கே?” என்று கேட்டாள். “எங்களுக்குப் பாப்பா இல்லைம்மா” என்றேன். “அப்ப நீங்க யாரோட விளையாடுவீங்க?” “இவரோட” என்று என் வீட்டுக்காரரைக் காட்டினேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்பது போலத் தலையாட்டினாள். அவளுக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அவள் பாட்டிதான் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தி, நாற்காலியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கேட்டதற்காகப் பொத்தினாரா, என் பார்வை படக்கூடாது என்று இழுத்தாரா என்று நான் ஆராயவில்லை. அந்தம்மாவின் வயதுக்கு அவர் கேட்டு வளர்ந்த பேச்சு அது. மறுநாள் காலை அந்தப் பெண் தானாக வந்து எங்கள் மேஜையில் உட்கார்ந்து தன் தோசையை முடித்தாள். பாட்டி தடுக்கவில்லை.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது: பிள்ளைகளின் கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் அதே பதில்தான், “இல்லை, நாங்க ரெண்டு பேர்தான்.” அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த டாக்டரைப் பார்த்தோம், எத்தனை வருஷம் மருந்து சாப்பிட்டோம், எந்த தர்காவில், எந்தக் கோயிலில் நேர்ந்துகொண்டோம் என்பதெல்லாம் உங்கள் வீட்டுச் சங்கதி. சாப்பாட்டு மேஜையில் முதன்முதலாகப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கை ஒப்பிக்க வேண்டிய கடன் நமக்கு இல்லை.

வலிக்கவும் செய்யும். ராத்திரி அரங்கத்தில் தாய் தகப்பனோடு பிள்ளைகளை மேடைக்கு அழைத்தபோது எனக்கு உள்ளே என்னவோ செய்தது. நாங்கள் எழுந்து தளத்துக்கு வந்து, காற்று வாங்கிக்கொண்டு வேறு பேச்சுப் பேசினோம். அப்படி எழுந்து வரலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. திரும்ப உள்ளே போய் உட்காரவும் செய்யலாம். நாங்கள் அன்று போகவில்லை, மறுநாள் போனோம்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். பயணம் என்றதும் சொந்தத்தில் யாராவது, “தம்பி புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன், உங்களுக்கும் பொழுது போகும்” என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது: பிள்ளை இல்லாதவர் சேர்க்கிற காசு உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்கானது, அதைத் தங்களுக்கென்று செலவழிப்பது ஊதாரித்தனம். நாமே அதை நம்பிப் பழகிவிட்டோம். தம்பி மகளின் படிப்புக்குக் கொடுங்கள், நாங்களும் கொடுத்திருக்கிறோம். கப்பலுக்கும் பின்னொரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். முதல் பயணம் மட்டும் நீங்கள் இருவரும் போவதாக இருக்கட்டும். துணைக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப் போனால்தான் குடும்பக் கப்பலில் ஏற முடியும் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

தர்காவில் நேர்ந்திருக்கிறோமே, அதை விட்டுவிட்டுச் சுற்றுலா போவதா என்று ஒரு தங்கச்சி கேட்டார். நேர்ச்சையை விடச் சொல்ல நான் யார்? நானும் அலங்கார வாசலில் நின்று கேட்டவள்தான். ஆனால் எஜமானின் வாழ்க்கையை நாம் பாதிதான் நினைக்கிறோம். ஷாஹுல் ஹமீது நாயகம் மணமுடிக்காதவர். லாகூரில் பிள்ளையில்லாத ஒரு தம்பதிக்காக அவர் துஆ செய்தார், அப்படிப் பிறந்த யூசுஃப் சாஹிபு வளர்ந்து அவரைத் தேடி வந்தபோது மகனாக ஏற்றுக்கொண்டார் என்பது நம் ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிள்ளை வரம் கேட்டு உலகமே வருகிற வாசலுக்கு உரியவர், மனைவியோ பெற்ற பிள்ளையோ இல்லாமல் வாழ்ந்தவர். அவரை யாரும் குறைப்பட்டவர் என்று சொன்னதில்லை. இன்னொரு பாதி, அவர் கடலோடிகளின் காவலர். ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றிய கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். பினாங்கின் சூலியா தெருவிலும் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் அவர் பெயரில் கட்டிடங்கள் நிற்பதற்குக் காரணம், கடல் தாண்டிப் போன நம் ஆட்கள் அவர் நினைவைக் கூடவே கொண்டுபோனதுதான். கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவில் ரதம் வருவதும் அந்த நினைவில்தான். ஆகவே பயணத்துக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுக் கிளம்புங்கள். நேர்ச்சை அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

இந்த மடலைப் படிக்கிறவர்களில் வேறொரு விதமாகப் பிள்ளை இல்லாதவர்களும் இருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல் உயிர்கள் போயின. அதில் பிள்ளைகள் எத்தனை என்று கரையோரத்து ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு மறுபடி கருக்குழாயை இணைக்க அரசு உதவியது. சிலருக்குப் பிறந்தது, சிலருக்கு வாய்க்கவில்லை. உங்களிடம் கடலுக்கு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் மலைக்குப் போங்கள், ரயிலில் போங்கள், எங்கும் போகாமலும் இருங்கள். நீங்கள் இருவர் மட்டும் மிஞ்சிய வீடும் ஒரு முழுக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெரிய கப்பலுக்குப் பணம் போதாதவர்களுக்கு நம் வாசலிலேயே வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏறக்குறைய 60 கடல் மைல், நான்கு மணி நேரம். குளமும் அரங்கமும் கிடையாது, பக்கத்துப் பக்கத்து இருக்கைகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடுமா என்பதையும் விசா விதிகளையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் தஞ்சாவூர் சேவை மையத்துக்கு நேரம் பதிந்து போய் வாருங்கள். சபராளி வீட்டில் ஆணிடம் பழைய பாஸ்போர்ட் ஒரு கட்டே இருக்கும், பெண்ணிடம் ஒன்று கூட இருக்காது. இப்போது அவளுக்கு எடுங்கள்.

பெரிய கப்பலில் போகிறவர்கள் பதிவு செய்யும்போது முகவர், “குழந்தைங்க எத்தனை?” என்று கேட்பார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருப்பதால் கேட்கிறார். இல்லை என்று எழுதச் சொல்லிவிட்டு, நீங்களாக ஒன்றைக் கேளுங்கள். அறைகளில் கட்டில்களைத் தனித்தனியாகவும் போடலாம், சேர்த்தும் போடலாம். சேர்த்துப் போட்டு வைக்கும்படி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

உங்களில் ஒருத்தி,
நாகூர்